காசுக்கு வந்த சீட் என்ற தீர்ப்பு

இருங்காட்டுக்கோட்டை என்றால் எல்லோருக்கும் ஹூண்டாய் ஆலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டிய 1996க்கு ஆறு ஆண்டுகள் முன்பே அந்த ஊரில் கார்கள் சீறத் தொடங்கிவிட்டன. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இங்கே தனக்கென்று 3.7 கிலோமீட்டர் தடம் ஒன்றைப் போட்டது. ஃபார்முலா மாருதி வண்டியில் தன் முதல் பந்தயத்தை இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஓட்டி, அதிலேயே பரிசு மேடை ஏறிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இருபது ஆண்டுகள் கழிந்தும் அவரைப் பற்றிய பேச்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ‘டாடா காசுல வாங்குன சீட்டு. ஆறு கார் ஓடுன ரேஸ்ல நாலாவது வந்தாரு. அதோட சரி.’ பந்தயமே பார்க்காதவர்கள் இப்படிச் சொன்னால் விட்டுவிடலாம். ஒரு வண்டி ஓடுவதற்கு எத்தனை பேர் கை சேர வேண்டும் என்று தெரிந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சுக்குள் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. அவரைத் தேர்ந்தெடுத்தது திறமைக்காக அல்ல, பணத்துக்காக என்பது ஒன்று. அவர் எடுத்த ஐந்து புள்ளிகளும் ஓசியில் கிடைத்தவை என்பது இரண்டாவது. மற்றபடி அவர் எதையும் சாதிக்கவில்லை, ஆகவே அவரை எடுத்த ஜோர்டன் அணி ஏமாந்தது என்பது மூன்றாவது. இவற்றில் பாதி உண்மைகள் உண்டு. அந்தப் பாதிகளைச் சேர்த்துக் கட்டிய தீர்ப்புதான் பிசகு. நரேன் உலகச் சாம்பியன் ஆகியிருப்பார் என்று நான் வாதாடவில்லை. 2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டன் எடுத்த முடிவை, அந்த அணி அன்று இருந்த நிலையையும் அன்று அதன் கையில் இருந்த தகவலையும் வைத்து எடைபோட்டால், அது புத்தியுள்ள முடிவாகவே தெரிகிறது என்கிறேன். ஒரு புதுமுகத்தைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று சொல்ல மூன்று கேள்விகள் போதும். அன்று என்ன தெரிந்திருந்தது? அவரை விட்டால் வேறு யார் கிடைத்திருப்பார்கள்? அவருடைய ஓட்டத்தையும் அவருக்குக் கொடுத்த வண்டியையும் பிரித்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? பொதுப்பேச்சு இந்த மூன்றையும் தொடாமலேயே தீர்ப்புக்குப் போய்விடுகிறது.

முதலில் அணியின் நிலையைப் பார்ப்போம். எடி ஜோர்டன் தொடங்கிய அந்த அணி 1998இல் பெல்ஜியத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. 1999இல் அணிகளின் வரிசையில் மூன்றாவதாக வந்தது. அங்கிருந்து ஆண்டுக்கு ஆண்டு சரிவு. 2004இல் மொத்தமாகவே ஐந்து புள்ளிகள். 2005 ஜனவரியில் அலெக்ஸ் ஷ்னைடரின் மிட்லேண்ட் நிறுவனத்துக்கு அணி கைமாறியது. மார்ச் 6ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயம். புதிய முதலாளி, புதிய டொயோட்டா இன்ஜின், இரண்டு மாதம்கூட இல்லாத அவகாசம். முந்தைய ஆண்டில் அணியைத் தாங்கிய அனுபவசாலி நிக் ஹைட்ஃபெல்ட் வில்லியம்ஸுக்குப் போய்விட்டார். இந்த நிலையில் உள்ள அணியின் வாசலில் ஆலோன்சோ, ரைக்கோனன் போன்ற முன்னணி ஓட்டுநர்கள் வந்து நிற்க மாட்டார்கள். அந்த அணியால் எடுக்கக்கூடியவர்கள் அதுவரை ஃபார்முலா ஒன் ஓட்டாத இளைஞர்கள், அல்லது மற்றவர்கள் கழித்துவிட்டவர்கள். எனவே நரேனை ஒப்பிட வேண்டியது உலகின் சிறந்த இருபது பேரோடு அல்ல. அந்த மாதத்தில், அந்தச் சம்பளத்துக்கு, அந்த வண்டியில் ஏறச் சம்மதித்திருக்கக்கூடிய ஆட்களோடுதான்.

அந்த வட்டத்துக்குள் நரேனின் கணக்கு மெலிந்த கணக்கு இல்லை. 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 1999இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரண்டு வெற்றிகள். 2000இல் அதே தொடரில் நான்காமிடம், கொரிய சூப்பர் பிரிக்ஸ் வெற்றி. அந்த ஆண்டு பிரிட்டனில் அவருக்கு முன்னால் முடித்த அன்டோனியோ பிசோனியாவும் டகுமா சாட்டோவும் நரேனுக்கு முன்பே ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிவிட்டார்கள். 2001இல் ஜாகுவார் அணியின் வண்டியைச் சில்வர்ஸ்டோனில் ஓட்டிப் பார்த்தார் நரேன். ஃபார்முலா ஒன் வண்டியை ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் அப்போது வந்தது. அதே ஆண்டு ஜோர்டனும் அவரைச் சோதித்தது. முஜெல்லோவில் நடந்த சோதனையில், அணியின் முதல் ஓட்டுநர் ஜான் அலேசியின் நேரத்துக்கு அரை விநாடி பின்னால் இருந்தார். அலேசி அப்போது பன்னிரண்டு ஆண்டு ஃபார்முலா ஒன் அனுபவம் உள்ளவர். ஆக, 2005இல் ஜோர்டன் பார்க்காத சரக்கை வாங்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தன் வண்டியில் உட்காரவைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துப் பார்த்த ஆளைத்தான் எடுத்தது. பிறகு உலகத் தொடர் என்று அழைக்கப்பட்ட நிசான் பந்தயங்களில் 2003இல் இரண்டு வெற்றிகளோடு நான்காமிடம்; 2004இல் மேலும் இரண்டு வெற்றிகள்.

‘அதெல்லாம் சரி, ஆனால் அவருக்கு அப்போது 28 வயது, புதுமுகத்துக்கு அது முதிர்ந்த வயது இல்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலோன்சோ 19 வயதில் வந்தார், ரைக்கோனன் 21இல் வந்தார். ஆனால் வயது எதற்காகக் கணக்கில் வருகிறது? ஐந்தாறு ஆண்டுகள் கூடவே வைத்து வளர்க்க எண்ணும் அணிக்குத்தான் அது பெரிய விஷயம். அந்தப் பருவத்தை எப்படியாவது தாண்டினால் போதும் என்றிருந்த ஜோர்டனுக்கு, உடனே ஓட்டத் தெரிந்த, பல நாட்டுத் தடங்களில் அடிபட்டுத் தேறிய ஆள் 19 வயதுப் பையனைவிடப் பயன்படுவார். அதோடு, அவர் 28 வயதில் வந்ததற்குக் காரணமே பணம்தான். மினார்டி அணி 2004இல் அவருக்கு இடம் தர முன்வந்தது. தேவையான விளம்பரதாரர் பணம் திரளாததால் அது கைநழுவியது. திறமையைப் பார்த்து ஓர் அணி கூப்பிட்டிருக்கிறது, பணம் இல்லாததால் போக முடியவில்லை; மறுஆண்டு பணம் வந்ததும் இன்னோர் அணி எடுத்திருக்கிறது. இதில் பணம் கதவைத் திறந்த சாவி என்று சொல்லலாம். கதவு வரைக்கும் அவரைக் கொண்டுவந்தது அந்தப் பணம் என்று சொல்ல முடியாது.

இனி அந்தப் பணத்தையே நேராகப் பார்ப்போம். டாடா குழுமத்தின் ஆதரவு இல்லாமல் நரேனுக்கு 2005இல் இடம் கிடைத்திருக்காது. இதை மறுப்பதில் பொருளில்லை. ஆனால் பணத்தோடு வந்தவர் என்பதே திறமையின்மைக்குச் சான்று ஆகுமானால், அந்த விளையாட்டின் வரலாற்றில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். நிக்கி லாடா வங்கியில் கடன் வாங்கி மார்ச் அணியில் இடம் பிடித்தவர். முழுப் பருவம் ஓட்டிய 1972இல் அவர் எடுத்த புள்ளிகள் பூஜ்யம். 1975, 1977, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகச் சாம்பியன் ஆனதும் அதே லாடாதான். இன்னும் நெருக்கமான சான்று ஜோர்டன் அணிக்குள்ளேயே இருக்கிறது. 1991 ஆகஸ்டில் அதன் ஓட்டுநர் பெர்ட்ரான்ட் காஷோ லண்டனில் சிறைக்குப் போனபோது, காலியான இருக்கைக்கு ஒரு ஜெர்மன் இளைஞரை உட்காரவைக்க மெர்சிடீஸ் நிறுவனம் ஜோர்டனுக்குப் பணம் கொடுத்தது. அந்த இளைஞர் பெல்ஜியத்தில் ஏழாவது இடத்தில் தகுதி பெற்றார். பந்தயம் தொடங்கியதும் கிளட்ச் போய், முதல் சுற்றிலேயே நின்றுவிட்டார். ‘காசு கொடுத்து வந்தார், ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை’ என்று அன்றே தீர்ப்பெழுதியிருந்தால் அது மைக்கேல் ஷூமாக்கரைப் பற்றிய தீர்ப்பாக இருந்திருக்கும். நரேன் ஷூமாக்கருக்குச் சமம் என்று இதற்குப் பொருள் இல்லை. இருக்கைக்குப் பின்னால் பணம் இருந்ததா என்ற கேள்வி, இருக்கையில் இருப்பவரின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதே பொருள்.

பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஓர் அணி கோடிகளைக் கொட்டி ஒருவரை வாங்கி, அவர் சோபிக்காவிட்டால், அந்தப் பணம் வீண் என்று வருந்தலாம். ஐபிஎல் ஏலத்தில் நாம் பார்ப்பது அதைத்தான். ஜோர்டனில் பணம் எதிர்த் திசையில் ஓடியது. ஓட்டுநர் அணிக்குக் கொண்டுவந்தார். ஆகவே அந்தத் தேர்வில் அணி இழந்தது எவ்வளவு என்று கேட்டால், அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கக்கூடிய இன்னொருவர் எவ்வளவு கூடுதலாகச் சாதித்திருப்பாரோ அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2004இல் ஹைட்ஃபெல்ட் ஒரு முழுப் பருவமும் ஜோர்டனை ஓட்டினார். எடுத்தது மூன்று புள்ளிகள். மறுஆண்டு வில்லியம்ஸ் வண்டியில் அதே ஹைட்ஃபெல்ட், பருவத்தின் கடைசிப் பந்தயங்களைத் தவறவிட்டும்கூட, 28 புள்ளிகள் எடுத்தார். மொனாக்கோவிலும் நூர்பர்க்ரிங்கிலும் இரண்டாமிடம். குளிர்காலத்தில் ஹைட்ஃபெல்டுக்குப் புதிய கைகால்கள் முளைக்கவில்லை. வண்டி மாறியது. அனுபவமுள்ள, வேகமான ஓர் ஓட்டுநரே அந்த அணியில் மூன்று புள்ளிகளுக்கு மேல் பிழிய முடியவில்லை என்றால், நரேனுக்குப் பதில் யாரை உட்காரவைத்திருந்தாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது.

வண்டியையும் ஆளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒரகடம் வட்டார வாகன ஆலைகளில் வேலை செய்கிற எவருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம். டை தேய்ந்துபோன பிரஸ்ஸில் ஒரு டிரெய்னியை நிற்கவைத்துவிட்டு, ஷிப்ட் முடிவில் ரிஜெக்ஷன் எண்ணிக்கையைக் காட்டி ‘இவன் தேறமாட்டான்’ என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால், லைனில் இருக்கிறவர்களே சிரிப்பார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை டிவி முன் உட்கார்ந்ததும் இந்த எளிய நியாயத்தை மறந்துவிடுகிறார்கள். 2005 இதற்குத் தெளிவான பாடம் நடத்திய ஆண்டு. பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கூடாது என்ற விதி அந்த ஆண்டு வந்தது. ஒரே செட் டயர்கள் முழுத் தூரமும் தாங்க வேண்டும். பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் அந்த விதிக்குத் திணறின. அவற்றைப் பூட்டியிருந்தவை ஃபெராரி, ஜோர்டன், மினார்டி ஆகிய மூன்று அணிகள் மட்டும். 2004இல் 18 பந்தயங்களில் 13ஐ வென்ற ஷூமாக்கர், 2005இல் 19இல் ஒன்றே ஒன்றைத்தான் வென்றார். ஏழு முறை உலகச் சாம்பியனையே கீழே இறக்கிய டயர், ஃபெராரியைவிட வெகு மெதுவான மஞ்சள் ஜோர்டன் வண்டியில் இருந்த புதுமுகத்தை என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டாமா?

இது கார் பந்தயத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியைப் பிளந்து ஓடும் ஆளுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். அவர் ஓடும் தூரம் அவர் கால்களைப் பொறுத்தது என்று பார்வையாளருக்குத் தோன்றும். முன்னால் நின்று வழி திறந்துவிடும் தடுப்பு வரிசையைப் பொறுத்ததும்தான். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, புதுமுகத் தேர்வில் எல்லா அணிகளுக்குமான வரிசையில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைச் சேக்வன் பார்க்லி என்ற ரன்னிங் பேக்குக்குச் செலவழித்தது. முதல் ஆண்டிலேயே ஓட்டத்திலும் பிடித்த பந்துகளிலும் சேர்த்து 2,028 கெஜம் முன்னேறிச் சிறந்த புதுமுகத்துக்கான விருதைப் பெற்றார். அணியோ 16 ஆட்டங்களில் 11ஐத் தோற்றது. இவ்வளவு உயர்ந்த வாய்ப்பை இந்த இடத்தில் ஆடுபவர்மேல் வீணாக்கலாமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2023இல் அவர் ஓடியது 962 கெஜம். ஆள் முடிந்துபோனார் என்றார்கள். மறுஆண்டு நல்ல தடுப்பு வரிசை உள்ள ஃபிலடெல்பியா அணிக்குப் போனார். 2,005 கெஜம் ஓடினார். அணி சாம்பியன் ஆனது. ஜயன்ட்ஸ் தேர்ந்தெடுத்தது தவறு என்றால், ஆளில் தவறா, அவரைச் சுற்றி அணியைக் கட்டாததில் தவறா என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதே அந்தச் சண்டையில் கடைசியில் மிஞ்சிய பாடம்.

வண்டியைக் கழித்துவிட்டு ஓட்டுநரை அளக்க ஃபார்முலா ஒன்னில் ஓரளவு நம்பகமான அளவுகோல் ஒன்றுதான்: அதே வண்டியை ஓட்டும் சகா. நரேனின் சகா போர்ச்சுக்கலின் டியாகோ மான்டெய்ரோ. அவரும் அந்த ஆண்டுதான் அறிமுகம். 2004இல் நிசான் உலகத் தொடரில் இரண்டாமிடம் பிடித்து நரேனுக்கு முன்னால் முடித்தவர். இங்கேதான் எதிர்வாதத்துக்கு உண்மையான பலம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பருவ முடிவில் மான்டெய்ரோ 7 புள்ளிகள், நரேன் 5. மான்டெய்ரோ 19 பந்தயங்களில் 18ஐ முடித்தார். புதுமுகம் ஒருவருக்கு அது அப்போது சாதனை. நரேன் அவரைவிடப் பலமுறை பாதியில் நின்றார். சீனாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் சுவரில் மோதி வண்டியை நொறுக்கினார். நிதானத்தில் மான்டெய்ரோ மேல் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, ஆறு கார்கள் ஓடிய இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, பெல்ஜியத்தில் மான்டெய்ரோ எட்டாவதாக வந்து பெற்ற ஒற்றைப் புள்ளி. அதே பந்தயத்தில் நரேன் 11ஆவது. வேகத்தில் நரேன் பின்தங்கவில்லை. முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில் 12ஆவது இடத்தில் தகுதி பெற்று மான்டெய்ரோவுக்கு முன்னால் நின்றார். ஜப்பானில் 11ஆவதாக நின்றபோது ஆலோன்சோவும் ரைக்கோனனும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். தாமதமாக வந்த மழைக்கு அதில் பங்கு உண்டு என்றாலும், ஈரத்தில் வழுக்காமல் ஒரு சுற்றைக் கொண்டுவந்து சேர்த்தது ஓட்டுநர்தான். வேகத்தில் சமம், நிதானத்தில் ஒரு படி கீழே: பாரபட்சமில்லாத மதிப்பீடு இதுதான். இந்த மதிப்பீட்டில் ‘ஏமாந்தார்கள்’ என்ற சொல்லுக்கு இடம் எங்கே இருக்கிறது?

இப்போது அந்த ஐந்து புள்ளிகள். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்தளமாக வளையும் 13ஆவது திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷெலின் டயர் தோற்றுப்போய் வண்டி சுவரில் அடித்தது. தங்கள் டயர் அந்தத் திருப்பத்தை முழுப் பந்தயமும் தாங்காது என்று மிஷெலின் நிறுவனம் சொல்லிவிட்டது. திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும் வளைவு ஒன்றைப் போடுங்கள் என்று அணிகள் கேட்டன, நிர்வாகம் மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை இருபது வண்டிகளும் முன்னோட்டச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்றின் முடிவில், மிஷெலின் பூட்டிய பதினான்கு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் பிட்டுக்குள் போய்விட்டன. இருபது வண்டிகளுக்குக் கோடு போட்ட இடத்தில் ஆறு நின்றன. கூட்டம் கூச்சலிட்டது, தண்ணீர் பாட்டில்கள் தடத்தில் வந்து விழுந்தன. இரண்டு ஃபெராரிகளுக்குப் பின்னால் மான்டெய்ரோ, நரேன், மினார்டியின் கிறிஸ்டியன் ஆல்பர்ஸ், பேட்ரிக் ஃப்ரீசாஹர் என்ற வரிசையில் 73 சுற்றுகள் முடிந்தன. இதைப் பெரிய வீரமாகக் காட்டுவது அபத்தம். ஆனால் இதை ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் கணக்குத் தெரியாத பேச்சு.

ஏனென்றால் கடைசி வரிசையில் இருக்கும் அணிகளின் போட்டி ஃபெராரியோடு இல்லை, பக்கத்து ஏழையோடுதான். 2005இல் ஜோர்டனின் போட்டி மினார்டி. பருவ முடிவில் ஜோர்டன் 12 புள்ளிகளோடு ஒன்பதாமிடம், மினார்டி 7 புள்ளிகளோடு பத்தாமிடம். அன்று நரேன் ஒரு தவறு செய்து நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆல்பர்ஸ் நான்காமிடத்துக்கும் ஃப்ரீசாஹர் ஐந்தாமிடத்துக்கும் ஏறியிருப்பார்கள். மினார்டிக்கு 5, 4 என மொத்தம் 9 புள்ளிகள். ஜோர்டனிடம் மான்டெய்ரோவின் 7 மட்டும் மிஞ்சியிருக்கும். வரிசை தலைகீழாகி, ஜோர்டன் கடைசி அணியாக முடித்திருக்கும். ஃபார்முலா ஒன்னில் அணிகளின் தரவரிசைக்கும் அவற்றுக்குக் கிடைக்கும் பங்குத் தொகைக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரிந்தது. ‘யார் ஓட்டியிருந்தாலும் நான்காவது வந்திருப்பார்’ என்று சொல்லலாம். வந்திருக்கலாம், ஆனால் இப்படிப்பட்ட அணியில் ஓட்டுநரின் வேலையே, எப்போதோ ஒருமுறை வாசல் திறக்கும் நாளில் வண்டியை உடைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான். நரேன் அந்த வேலையைச் செய்தார். புள்ளி எளிதாகக் கிடைத்தது என்பது அதன் மதிப்பைக் குறைக்காது; அதை எடுக்காமல் விட்டிருந்தால் இன்று அதே வாய்கள் ‘ஆறு காரிலும் கோட்டை விட்டவர்’ என்றல்லவா பேசியிருக்கும்?

அடுத்த எதிர்வாதம்: ‘நல்ல தேர்வு என்றால் மறுஆண்டும் வைத்திருக்க வேண்டுமே?’ மிட்லேண்ட் என்ற பெயரில் 2006இல் ஓடிய அந்த அணி, மான்டெய்ரோவை வைத்துக்கொண்டு மினார்டியிலிருந்து ஆல்பர்ஸை எடுத்தது. நரேன் வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநராகச் சேர்ந்தார். அணி தன் இருக்கையை ஆண்டுக்கு ஆண்டு பணத்தோடும் புதிய பேரத்தோடும் சேர்த்தே நிரப்பியது என்பது உண்மையானால், ஒருவரைத் தொடர்ந்து வைத்திருக்காதது அவர் தரத்துக்கு எதிரான சாட்சி ஆகாது. சேர்த்ததற்குப் பணம் காரணம், விட்டதற்குத் திறமைக்குறைவு காரணம் என்று இரண்டு பக்கமும் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவது நேர்மை இல்லை. இதே ஜோர்டனில் 2002இல் டகுமா சாட்டோ புதுமுகமாக ஓட்டி, இரண்டே புள்ளிகள் எடுத்து, அடுத்த ஆண்டு இருக்கை இல்லாமல் பிஏஆர் அணியின் சோதனை ஓட்டுநராகப் போனார். 2004இல் நல்ல வண்டி கிடைத்ததும் 34 புள்ளிகள், அமெரிக்காவில் மூன்றாமிடம். பின்னாளில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை இரண்டு முறை வென்றார். ஒரே பருவத்தை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சாட்டோ ஒருவர் போதும்.

‘சரி, 2011இலும் 2012இலும் மறுபடி வந்தாரே, அப்போது என்ன கிழித்தார்?’ என்பது கடைசிக் கல். அவர் ஓட்டியது ஸ்பெயினின் எச்ஆர்டி. 2010 முதல் 2012 வரை மூன்று பருவங்களில் அந்த அணியின் எந்த வண்டியும், எந்த ஓட்டுநர் கையிலும், ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சென்னையின் கருண் சாந்தோக், புரூனோ சென்னா, அனுபவசாலி பெட்ரோ டி லா ரோசா எல்லோரும் அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள். 2011இன் நடுவில் நரேனை இறக்கிவிட்டு அவர் இடத்தில் ஓர் ஆஸ்திரேலிய இளைஞரை ஏற்றினார்கள். அவர் எடுத்ததும் பூஜ்யம். மூன்று ஆண்டுகளில் அவர் ரெட் புல் வண்டியில் மூன்று பந்தயங்களை வென்றார். பெயர் டேனியல் ரிக்கியார்டோ. எச்ஆர்டியில் பூஜ்யம் என்பதை வைத்து நரேனை மதிப்பிடுபவர்கள், அதே பூஜ்யத்தை வைத்து ரிக்கியார்டோவையும் மதிப்பிடத் தயாரா? இல்லை என்றால் அந்தச் சான்றைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

முடிவை வைத்துத்தானே எதையும் எடைபோட முடியும், தொழிலில் விளைவுதானே பேசும் என்று சிலர் கேட்பார்கள். விளைவு பேசும், ஆனால் தாமதமாகவும் குழறியும் பேசும். நல்ல முடிவு கெட்ட விளைவில் முடிவதும், கண்ணை மூடி எடுத்த முடிவு கைகொடுப்பதும் அன்றாடம் நடப்பது. முடிவெடுத்த நாளில் இல்லாத தகவலை வைத்து முடிவைத் திட்டுவது சோம்பேறியின் அறிவு. நரேன் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், விளைவை வைத்துப் பார்த்தாலும் ஜோர்டனுக்கு நட்டமில்லை. முந்தைய ஆண்டு ஐந்து புள்ளிகள் எடுத்த அணி, இரண்டு புதுமுகங்களோடு 12 எடுத்தது, ஒன்பதாமிடத்தைத் தக்கவைத்தது, பணமும் வந்தது. இண்டியானாபொலிஸைக் கழித்தால் மிஞ்சுவது ஒரே புள்ளி என்பீர்கள். ஆம், அதுதான் அந்த வண்டியின் உண்மையான தரம். அந்தத் தரத்துக்கான பழியை ஓட்டுநர் தலையில் கட்டுவதுதான் நான் மறுப்பது.

இந்தப் பழைய கணக்கை இன்று தோண்டக் காரணம் இருக்கிறது. 2012இல் நரேன் இறங்கிய பிறகு இந்தியர் யாரும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டவில்லை. பெங்களூருவின் குஷ் மைனி 2025இல் மொனாக்கோவில் ஃபார்முலா டூ பந்தயம் ஒன்றை வென்றார். ஆல்பைன் அணியின் சோதனை, மாற்று ஓட்டுநர் பொறுப்பும் அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இன்றும் பதின்வயதுப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் யாருக்காவது நாளை ஓர் இருக்கை கிடைத்தால், அதன் பின்னால் ஏதோ ஒரு நிறுவனத்தின் பணம் இருக்கத்தான் செய்யும்; அந்த விளையாட்டின் அமைப்பே அப்படி. அப்போது ‘காசுக்கு வந்த சீட்’ என்ற பழைய முத்திரையை எடுத்துக் குத்தினால், ஓட்டுநர் மட்டும் புண்படமாட்டார். பணம் போடலாமா என்று யோசிக்கும் அடுத்த நிறுவனமும் பின்வாங்கும். பணம் போட்டவனுக்கும் கேலி, ஓட்டியவனுக்கும் கேலி என்றால் எவன் முன்வருவான்? வாகனம் செய்வதில் பெயர் வாங்கிய ஒரு வட்டாரம், அதை ஓட்டுபவரை மதிப்பிடும் முறையிலும் கொஞ்சம் தேர்ச்சி காட்டலாம். அன்று தெரிந்திருந்தது என்ன, அன்று கிடைத்திருக்கக்கூடியவர் யார், அதே வண்டியில் இருந்த மற்றவர் என்ன செய்தார் என்ற மூன்றையும் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். நரேன் கார்த்திகேயனுக்கு இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், அவர் மகத்தான ஓட்டுநர் என்று நிரூபணம் ஆகாது. ஜோர்டன் அவரை எடுத்தது சரியான பேரம் என்பது நிரூபணம் ஆகிறது. அதை ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகள் போதும்.